கண்ணாடி போட்டாச்சா... இனி மைதானம் அவ்வளவுதானா? இளம் வீரர்களின் பார்வைக்கு என்னென்ன வழிகள்?

1988 ஜனவரி. சென்னை சேப்பாக்கம் மைதானம். விவியன் ரிச்சர்ட்ஸ் தலைமையிலான மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட்டில் இறங்கிய 19 வயது இளைஞர் ஒருவர், இரண்டு இன்னிங்ஸிலும் எட்டு எட்டு விக்கெட்டாகச் சாய்த்தார். மொத்தம் 136 ரன்னுக்கு 16 விக்கெட். அறிமுக டெஸ்ட் பந்துவீச்சில் அதைத் தாண்டியவர் இன்றுவரை யாரும் இல்லை. அந்த லெக் ஸ்பின்னர் நரேந்திர ஹிர்வானி. மூக்கில் கண்ணாடியோடுதான் அவர் பந்து வீசினார்.

கிளைவ் லாயிட், ஜாகீர் அப்பாஸ், டேனியல் வெட்டோரி என்று கண்ணாடியோடு சர்வதேசக் கிரிக்கெட் ஆடியவர்களின் பட்டியல் நீளமானது. ஆனாலும் நம் வீடுகளில் இன்றும் ஒரு காட்சி மாறவில்லை. பள்ளியில் கண் பரிசோதனை நடக்கும். பிள்ளைக்கு ‘மைனஸ் ஒன்றரை’ என்று சீட்டு வரும். அன்று மாலையே, "கண்ணாடி போட்டுக்கிட்டு எப்படிடா கீப்பிங் பண்ணுவ? பேசாம படிப்பைப் பாரு" என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளையோ, விளையாட்டை விட மனமில்லாமல், கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு மைதானத்தில் இறங்கும்.

இரண்டுமே தவறான முடிவு. பார்வைக் குறைபாடு இருக்கும் பெரும்பாலான பிள்ளைகள் விளையாட்டை விடவும் வேண்டாம், மங்கலான பார்வையோடு ஆடவும் வேண்டாம். விளையாட்டுக்கான கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், வயது வந்த பிறகு லேசர் என்று பல வழிகள் இருக்கின்றன. எந்த வழி என்பதைப் பிள்ளையின் வயதும் ஆடும் ஆட்டமும்தான் முடிவு செய்ய வேண்டும். ‘பார்க்க எப்படி இருக்கும்’ என்ற கவலை அல்ல.

மங்கல் என்றால் மைதானத்தில் என்ன நடக்கும்?

கிட்டப்பார்வை உள்ள கண்ணில், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரை மேல் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்பதை எளிய கணக்கில் சொல்லலாம். ஒரு மீட்டரைப் பவரால் வகுத்தால் போதும். மைனஸ் 1 பவர் என்றால், கண்ணாடி இல்லாமல் ஒரு மீட்டர் வரைதான் தெளிவு. மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். அதற்கு அப்பால் இருக்கும் எல்லாமே ஓரளவு கலங்கித்தான் தெரியும்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். கிரிக்கெட்டில் ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்குச் சுமார் 17.7 மீட்டர். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறக்குறைய அரை வினாடியில் கடந்துவிடும். பந்து எங்கே பிட்ச் ஆகும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பந்துவீச்சாளரின் கையைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். கையே கலங்கலாகத் தெரியும் பையன், பந்து பாதி தூரம் வந்த பிறகுதான் அதைப் ‘பிடிக்கிறான்’. அவனுக்கு அரை வினாடி என்பது கால் வினாடியாகிவிடுகிறது.

வெளியிலிருந்து பார்க்கும் பயிற்சியாளருக்கு இது கண் பிரச்சினையாகத் தெரிவதில்லை. "ரிஃப்ளெக்ஸ் இல்ல", "கவனம் பத்தல", "பந்தைப் பார்த்து பயப்படுறான்" என்றுதான் தோன்றும். திறமை இல்லை என்று முத்திரை குத்தி ஒதுக்கப்படுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. பிறந்ததிலிருந்தோ, மெல்ல மெல்லவோ மங்கிய பார்வை உள்ள பிள்ளைக்கு, மற்றவர்களுக்கு உலகம் இதைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்பதே தெரியாது. அதனால் தானாக வந்து சொல்லவும் சொல்லாது.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுவது நல்லது.

- நெட் பயிற்சியில் சமாளிக்கும் பிள்ளை, பவுண்டரி எல்லையில் நின்றால் உயரமான கேட்சுகளைத் தவற விடுவது.
- மாலை வெளிச்சம் குறையக் குறைய ஆட்டம் திடீரென்று மோசமாவது.
- ஸ்கோர்போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது, தலையை ஒரு பக்கம் சாய்ப்பது.
- ஒரு பக்கம் வரும் பந்துகளை மட்டும் தொடர்ந்து விடுவது.
- ஆட்டம் முடிந்ததும் தலைவலி என்பது, கண்ணை ஓயாமல் கசக்குவது.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். தூரத்தில் இருக்கும் ஒரு கடைப் பலகையை முதலில் வலக்கண்ணை மூடியும், பிறகு இடக்கண்ணை மூடியும் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் தெளிவாகவும் மறு கண்ணில் மங்கலாகவும் தெரிகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். சிறு வயதிலேயே கவனிக்காவிட்டால், மங்கலான கண் ‘சோம்பேறிக் கண்’ ஆகிப் பிற்காலத்தில் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை கிடைக்காமல் போகலாம்.

பரிசோதனைக்குப் போகும்போது...

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து எடுக்கும் பவர் மட்டும் பிள்ளைகளுக்குப் போதாது. சிறுவர்களின் கண் தசைகள் மிகச் சுறுசுறுப்பானவை. சோதனையின்போது அவை இறுகிக்கொண்டால், இல்லாத மைனஸ் பவர்கூட இருப்பதுபோலக் காட்டும். அதனால்தான் கண் மருத்துவர்கள் சொட்டு மருந்து விட்டு, தசைகளைத் தளர வைத்துப் பவர் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் விழித்திரையையும் பார்த்துவிடலாம்.

சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேலும் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். எனவே போட்டிக்கு முந்தைய நாளில் பரிசோதனைக்குப் போக வேண்டாம். என்ன ஆட்டம் ஆடுகிறார், எந்த இடத்தில் நிற்கிறார், பகலிலா, மின்னொளியிலா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘பவர் என்ன?’ என்ற கேள்வியோடு ‘இந்த ஆட்டத்துக்கு எது சரி?’ என்ற கேள்வியையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

வழி 1: விளையாட்டுக் கண்ணாடி

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகும் கண்ணாடி வேறு, விளையாட்டுக் கண்ணாடி வேறு. சாதாரண ஃபிரேமில் பந்தோ முழங்கையோ பட்டால் லென்ஸ் உடைந்து கண்ணுக்குள் போகலாம். கீல் வளைந்து புருவத்தைக் கிழிக்கலாம். அதே கண்ணாடிக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை மாட்டிவிட்டால் அது கீழே விழாது. அவ்வளவுதான். அது பாதுகாப்புக் கண்ணாடி ஆகிவிடாது.

விளையாட்டுக் கண்ணாடியின் லென்ஸ் பாலிகார்பனேட்டால் ஆனது. அடி தாங்கும் தன்மைக்காக ஹெல்மெட்டுகளின் முகத்திரைக்கும் இதே பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். டிரைவெக்ஸ் என்ற பொருளும் உண்டு. ஃபிரேமும் அதற்கேற்ப ஒரே துண்டாக, மூக்கிலும் பக்கவாட்டிலும் மெத்தை வைத்து, தலையைச் சுற்றிப் பட்டையோடு வரும். அடிபட்டால் லென்ஸ் உள்பக்கமாகக் கழன்று விழாதபடி அமைத்திருப்பார்கள். வாங்கும்போது ‘ஏஎஸ்டிஎம் எஃப்803’ என்ற தரக்குறி இருக்கிறதா என்று கேளுங்கள். குறிப்பிட்ட சில விளையாட்டுகளில் கண் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தர அளவுகோல் அது.

இதன் பெரிய பலம், பார்வையையும் தருகிறது, கண்ணையும் காக்கிறது. வேறு எந்த வழியும் இந்த இரண்டையும் சேர்த்துத் தராது. சிறு வயதில் பவர் மாறிக்கொண்டே இருக்கும். லென்ஸை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

குறைகளும் உண்டு. நம் ஊர் வியர்வைக்கு லென்ஸ் பனிமூட்டம்போல மூடிக்கொள்ளும். காற்றோட்டத் துளை உள்ள ஃபிரேம், பனி படியாத பூச்சு ஆகியவை ஓரளவு உதவும். பாலிகார்பனேட் உடையாதே தவிர, சீக்கிரம் கீறல் விழும். மண் மைதானத்தில் ஆடிவிட்டு ஜெர்சி முனையால் வறண்டபடி துடைத்தால் அதில் ஒட்டிய மண்ணே லென்ஸைக் கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகுதான் துடைக்க வேண்டும்.

"ரெஃப்ரி விடமாட்டாரு சார்" என்று பயப்படும் பிள்ளைகள் உண்டு. கால்பந்தின் சர்வதேச விதிகளே விளையாட்டுக் கண்ணாடியை அனுமதிக்கின்றன. நெதர்லாந்தின் எட்கர் டேவிட்ஸ், கண் அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற பின் பாதுகாப்புக் கண்ணாடியோடுதான் உலகத்தரப் போட்டிகளில் ஆடினார். இருந்தாலும் உள்ளூர்த் தொடருக்கு முன்பே நடுவரிடம் கண்ணாடியைக் காட்டி அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

வழி 2: கான்டாக்ட் லென்ஸ்

கண்ணாடி ஃபிரேமுக்கு வெளியே, ஓரப்பார்வையில் தெரிவதெல்லாம் மங்கல்தான். கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு சேர்ந்தே திரும்புவதால் அந்தத் தொல்லை இல்லை. பனி படியாது, மழையில் நனையாது, ஹெல்மெட்டுக்குள் இடிக்காது. அதனால்தான் பெரிய வீரர்கள் பலரின் விருப்பம் இதுவாக இருக்கிறது.

எத்தனை வயதில் தொடங்கலாம்? இதற்கு வயதைவிடப் பொறுப்புதான் அளவுகோல். எட்டு வயதுப் பிள்ளைகளே ஒழுங்காகப் போட்டுக் கழற்றுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ, சொல்லாமலே நினைவில் வைத்திருக்கும் பிள்ளையா என்று பாருங்கள். பல் துலக்கவே தினமும் சண்டை போட வேண்டியிருக்கிறது என்றால் இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கள்.

விளையாட்டுக்கு ஏற்றது மென்மையான லென்ஸ். அதிலும் ஒரு நாள் போட்டுவிட்டு எறிந்துவிடும் வகை. கடின வகை லென்ஸ் கருவிழியைவிடச் சிறியது. ஒரு இடி பட்டால் நழுவிவிடும். மென்மையான லென்ஸ் கருவிழியைத் தாண்டி வெள்ளைப் பகுதி வரை படர்ந்திருப்பதால் எளிதில் நகராது. ஒரு நாள் வகையில் மருந்து நீர், டப்பா என்ற தலைவலியும் இல்லை. தினமும் போட வேண்டியதும் இல்லை. பள்ளிக்குக் கண்ணாடி, பயிற்சிக்கு மட்டும் லென்ஸ் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு மாதம் 13 ஜோடி போதும். செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கான லென்ஸ், கண்ணில் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். வேகமாகத் திரும்பும்போது அது சற்றுச் சுழன்றால் பார்வை ஒரு கணம் கலங்கும். எனவே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், சோதனை லென்ஸைப் போட்டு ஓடி, குதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

இதில் சில விதிகளுக்கு விதிவிலக்கே கிடையாது:

- லென்ஸோடு நீந்தக் கூடாது, குளிக்கக் கூடாது, தூங்கக் கூடாது. தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் சிக்கினால், பார்வையையே பறிக்கும் தொற்று வரலாம். லென்ஸோடு தூங்கினால் தொற்று ஆபத்து பல மடங்கு கூடும்.
- கீழே விழுந்த லென்ஸைக் குழாய்த் தண்ணீரிலோ, வாயில் வைத்து எச்சிலிலோ நனைத்துத் திரும்பப் போடக் கூடாது. தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.
- ‘ஒரு நாள்’ லென்ஸ் என்றால் ஒரு நாள்தான். "இன்னொரு மேட்ச் தாங்கும்" என்று எடுத்து வைக்கக் கூடாது.
- கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

போட்டிப் பையில் கூடுதலாக ஒரு ஜோடி லென்ஸும், பழைய கண்ணாடியும் எப்போதும் இருக்கட்டும். முக்கியமாக ஒன்று: கான்டாக்ட் லென்ஸ் பார்வையைத் தருமே தவிர, கண்ணுக்குக் கவசம் ஆகாது. விரலோ பந்தோ கண்ணில் பட்டால் லென்ஸ் எதையும் தடுக்காது.

வழி 3: இரவில் போடும் லென்ஸ்

ஆர்த்தோ-கே என்ற முறையில், கடின வகை லென்ஸ் ஒன்றை இரவில் போட்டுத் தூங்க வேண்டும். அது கருவிழியின் மையத்தை மெல்லத் தட்டையாக்கும். காலையில் கழற்றிவிட்டால் பகல் முழுக்கக் கண்ணாடியும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம். பொதுவாக மைனஸ் 6 வரை இதைச் செய்கிறார்கள். குறைந்த பவரில் பலன் நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்குப் பவர் ஏறும் வேகத்தையும் இது குறைக்கிறது. லென்ஸ் போடுவதை நிறுத்தினால் கருவிழி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

நீச்சல், மல்யுத்தம் போல எதையும் கண்ணில் வைத்துக்கொள்ள முடியாத ஆட்டங்களுக்கு இது கவர்ச்சியான வழி. ஆனால் செலவு அதிகம். இரவில் லென்ஸ் போடுவதால் தொற்று ஆபத்தும் உண்டு. தினமும் சுத்தம் செய்யவும், தவறாமல் பரிசோதனைக்குப் போகவும் முடிந்த குடும்பத்துக்கு மட்டுமே இது சரிப்படும். வெளியூர்த் தொடருக்குப் போய் மண்டபத்தில் படுத்துத் தூங்கும் அணிப் பிள்ளைகளுக்கு இந்தச் சுத்தம் பெரிய சவால்.

வழி 4: லேசர்... ஆனால் எப்போது?

"பதினெட்டு முடிஞ்சதும் லேசர் பண்ணிடலாம்ல டாக்டர்?" கண் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

18 வயது என்பது தொடக்கக் கோடு மட்டுமே. அதோடு, குறைந்தது ஓராண்டாகப் பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். பலருக்கு 20 வயதைத் தாண்டியும் பவர் ஏறிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுச் செய்தால், இரண்டே வருடத்தில் மறுபடி கண்ணாடி வந்துவிடும். கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் 1999-ல் லேசிக் செய்துகொண்டபோது அவருக்கு வயது 23.

விளையாட்டு வீரர்களுக்கு எந்த வகை லேசர் என்பது முக்கியம்.

லேசிக் முறையில் கருவிழியின் மேல்புறத்தில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மடலைத் திரும்ப மூடுவார்கள். ஓரிரு நாளில் பார்வை தெளிந்துவிடும். ஆனால் அந்த மடல் பழைய உறுதியோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை. பல ஆண்டுகள் கழித்துக்கூட, விரல் நகம் பலமாகக் கீறினால் அது விலகிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கபடி, குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம் ஆடுபவர்களுக்கு லேசிக்கைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

பிஆர்கே முறையில் மடலே கிடையாது. மேல் படலத்தை நீக்கிவிட்டு லேசர் செய்வார்கள். சில நாள் வலி இருக்கும். பார்வை முழுதும் தெளியச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். ஸ்மைல் முறையில் சின்னக் கீறல் ஒன்றின் வழியாகக் கருவிழியின் உள்ளிருந்து மெல்லிய தட்டு ஒன்றை எடுத்துவிடுவார்கள். இதிலும் மடல் இல்லை. உடல் மோதும் ஆட்டக்காரர்களுக்கு இந்த இரண்டும்தான் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. போட்டிப் பருவம் முடிந்த பிறகு செய்துகொண்டால் ஆற நேரம் கிடைக்கும்.

முடிவெடுக்கும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, கருவிழியின் தடிமனும் வடிவமும். அலர்ஜியால் வருடக்கணக்கில் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்புபோல ஆகும் கெரட்டோகோனஸ் வர வாய்ப்பு உண்டு. அது இருந்தால் லேசர் செய்யக் கூடாது. செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இரண்டு, கண் வறட்சியும் இரவுக் கூச்சமும். லேசருக்குப் பிறகு சில மாதங்களுக்கு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். மின்னொளியில் ஆடுபவருக்கு அது சின்ன விஷயமில்லை.

மூன்று, விழித்திரை. லேசர் பவரை மட்டும்தான் போக்கும். அதிக மைனஸ் பவரால் நீண்டு மெலிந்த விழித்திரை அப்படியேதான் இருக்கும். ‘இப்பதான் கண்ணாடியே இல்லையே’ என்று வருடாந்திரப் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது.

நான்கு, வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ராணுவம், காவல்துறை, ரயில்வே என்று கனவு காணும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். சில பணிப் பிரிவுகள் லேசர் செய்த கண்ணை ஏற்பதில்லை. சில, வயது, பவர், எத்தனை மாதம் ஆயிற்று என்று நிபந்தனை போடுகின்றன. நினைத்த வேலைக்கான மருத்துவத் தகுதி விதியைப் படித்துப் பார்க்காமல் லேசர் மேசையில் படுக்க வேண்டாம். செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் முறையும் உண்டு. அதிக பவர் உள்ளவர்களுக்கும், கருவிழி மெலிந்திருப்பதால் லேசர் செய்ய முடியாதவர்களுக்கும் அது ஒரு வழி. அமெரிக்காவில் அதற்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச வயது 21.

எந்த ஆட்டத்துக்கு எது?

கிரிக்கெட்: பேட்டிங்கிலும் கீப்பிங்கிலும் ஹெல்மெட் கிரில் அவசியம். உள்ளே பாலிகார்பனேட் கண்ணாடியோ, கான்டாக்ட் லென்ஸோ இருக்கலாம். தெருவில் டென்னிஸ் பந்து ஆடும்போதும் சாதாரணக் கண்ணாடியோடு கீப்பிங் நிற்க வேண்டாம்.

பேட்மிண்டன், ஸ்குவாஷ்: இறகுப்பந்தின் கார்க்கும் ஸ்குவாஷ் பந்தும் கண் குழிக்குள் நேராகப் புகும் அளவில் இருப்பவை. அதனால் பவரே இல்லாதவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டிய ஆட்டங்கள் இவை. உலக ஸ்குவாஷ் அமைப்பின் ஜூனியர் போட்டிகளில் அது கட்டாயம். பேட்மிண்டனில் இரட்டையர் ஆட்டத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் ராக்கெட்டே ஆபத்து.

கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, ஹாக்கி: பட்டையோடு வரும் விளையாட்டுக் கண்ணாடி முதல் தேர்வு. கூடைப்பந்து ஜாம்பவான் கரீம் அப்துல்-ஜப்பார், கண்ணில் விரல் கீறிக் காயப்பட்ட அனுபவத்துக்குப் பிறகுதான் பாதுகாப்புக் கண்ணாடிக்கு மாறினார்.

கபடி, மல்யுத்தம், ஜூடோ: நடைமுறையில் கண்ணாடியோடு ஆட முடியாது. ஒரு நாள் வகை மென்மையான லென்ஸ், அல்லது ஆர்த்தோ-கே. மண் களமாக இருந்தால் ஆட்டம் முடிந்ததும் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். நகம் வெட்டுவது உங்கள் கண்ணுக்கும் எதிராளியின் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

நீச்சல்: கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். பவர் உள்ள நீச்சல் கண்ணாடிகள் அரை அரைப் பவர் இடைவெளியில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. சுவரும் கயிறும் தெரிந்தால் போதும் என்பதால் பவர் கால் புள்ளி முன்பின் இருந்தாலும் பாதகமில்லை.

துப்பாக்கி சுடுதல், வில்வித்தை: குறி பார்க்கும் கண்ணுக்கு மட்டும் லென்ஸ் மாட்டும் தனி ஃபிரேம்கள் உண்டு. எந்தத் தூரத்தில் தெளிவு வேண்டும் என்பதைப் பயிற்சியாளரோடு பேசி, மருத்துவரிடம் சொல்லிப் பவர் எழுதி வாங்க வேண்டும்.

ஓட்டம், நீளம் தாண்டுதல்: குறைந்த பவர் என்றால் லேசான, பட்டையுள்ள கண்ணாடியே போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைப் போட்டி நாளில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்காதீர்கள். புதுப் பவரில் தரையும் பந்தும் சில நாள் வேறு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். பயிற்சியில் ஒன்றிரண்டு வாரம் பழகிய பிறகே போட்டிக்குப் போக வேண்டும்.

ஒரே கண்தான் நன்றாகத் தெரியும் என்றால்?

மன்சூர் அலி கான் பட்டோடி, 1961-ல் நடந்த கார் விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்தார். மறு ஆண்டே, 21 வயதில், இந்திய அணியின் கேப்டன் ஆனார். ஆகவே ஒரு கண்ணோடு ஆட முடியாது என்பதில்லை. ஆனால் இருக்கும் அந்த ஒரு கண்ணைப் பணயம் வைத்து ஆடக் கூடாது.

கண்ணாடி போட்ட பிறகும் ஒரு கண்ணில் பார்வை 6/12-க்கும் கீழே என்றால், அந்தப் பிள்ளையை ஒரு கண் உள்ளவராகவே கருத வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகளின் வழிகாட்டல். எந்த ஆட்டமானாலும், பயிற்சியே ஆனாலும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். லென்ஸ் போட்டிருந்தாலும் அதன் மேல் இது வேண்டும். கண் பாதுகாப்புக்கு வழியே இல்லாத குத்துச்சண்டை போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்.

விளையாடினால் பவர் ஏறுமா?

ஏறாது. உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. வெட்டவெளியின் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது அல்லது தள்ளிப்போகிறது. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தார்கள். பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாட்டு விகிதம் அதன்பின் இறங்கத் தொடங்கியது.

பவர் வந்த பிறகு அது ஏறும் வேகத்தைக் குறைக்கவும் வழிகள் உண்டு. குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, அதற்கென்றே வடிவமைத்த கண்ணாடி லென்ஸ்கள், ஒரு நாள் கான்டாக்ட் லென்ஸ்கள் ஆகியவற்றை மருத்துவர் பரிந்துரைப்பார். கண்ணாடி வந்ததும் மைதானத்தை நிறுத்தி, பிள்ளையை அறைக்குள் புத்தகத்தோடும் செல்போனோடும் உட்கார வைப்பதுதான் கண்ணுக்குச் செய்யும் கெடுதல்.

அடிபட்டால் உடனே என்ன செய்வது?

கண்ணைக் கசக்க வேண்டாம், அழுத்த வேண்டாம். ஏதாவது குத்தியிருந்தால் பிடுங்கவே கூடாது; காகிதக் கப் ஒன்றை அழுத்தாமல் மேலே கவிழ்த்துப் பிடித்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் ரத்தம் தேங்குவது, இரட்டையாகத் தெரிவது, மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் மிதப்பது, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி இல்லை என்பதால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. விழித்திரை விலகும்போது வலிக்காது.

எங்கே தொடங்குவது?

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியிலேயே கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் கிடைக்கின்றன. ஆனால் அது வகுப்பறைக்கான கண்ணாடி. அந்தப் பவர் சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ, பக்கத்தில் உள்ள கண் மருத்துவமனைக்கோ போய், விளையாட்டுக்கான ஆலோசனையைக் கேளுங்கள். உடனே தனி விளையாட்டுக் கண்ணாடி வாங்க வசதியில்லை என்றால், அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போதாவது பாலிகார்பனேட் லென்ஸாகக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் ஃபிரேமும் பட்டையும் சேர்ந்தால் ஓட்டத்துக்கும் லேசான பயிற்சிக்கும் சமாளிக்கலாம். பந்து வேகமாக வரும் ஆட்டங்களுக்கு அது போதாது.

பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அணித் தேர்வு தொடங்கும் முன் உயரம், எடை, ஓட்ட நேரம் எல்லாம் குறிக்கிறீர்கள். அதோடு ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு பார்வை அட்டையையும் மாட்டி, ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. "உனக்கு இது வராது தம்பி" என்று சொல்வதற்கு முன், அந்தத் தம்பிக்குப் பந்து தெரிகிறதா என்று தெரிந்துகொண்டுவிடலாம்.